அம்பாப் பாட்டும் கணினிச் சுரக்குறிப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டி முகத்துவாரக்குப்பத்தில் நடைபெற்ற இசைத்தமிழ் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டு நிறைவை முன்னிட்டு நம் வட்டம் இரண்டு பணிகளை மேற்கொண்டிருக்கிறது. இக்கரையில் வலையிழுக்கும்போது பாடப்பெற்ற அம்பாப் பாட்டுகளை மெட்டோடு நூலாக்குவது ஒன்று. அவற்றுட் சிலவற்றை நம் இளைஞர்களின் இசைக்குழுவுக்கு ஏற்ப அமைத்து மேடையேற்றுவது மற்றொன்று. இப்பணிகளுக்கென ஒரு கணினியும் வாங்கப்பட்டுள்ளது. "அதில் எந்த இசைக்குறிப்பு மென்பொருளை இடுவது? தமிழ்ப் பாட்டுக்கு அதனை எவ்வாறு பயன்படுத்துவது?" என்னும் வினாக்களுக்கு விடை கூறுமாறு என்னைப் பணித்தீர்கள்.

தமிழ் கற்பிக்கும் ஒருத்தி கணினியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர்க்குத் தோன்றலாம். கடந்த ஓராண்டாக நம் தொகுப்புக் குழுவினரோடு அமர்ந்து, பெரியவர்கள் பாடப் பாடக் குறிப்பெடுத்த பட்டறிவே எனக்குள்ள தகுதி. அந்தப் பட்டறிவு எனக்கு உணர்த்திய உண்மை ஒன்றுண்டு. எழுதும் கருவி எதைக் கேட்கிறதோ அதையே நாம் எழுதுகிறோம். அது கேளாததை எழுதாமல் விட்டுவிடுகிறோம். ஆதலின் மென்பொருளைத் தேர்வது என்பது, பாட்டில் எதனை இழக்க உடன்படுகிறோம் என்று தேர்வதே ஆகும். இக்கருத்தை விளக்குவதே என் உரையின் நோக்கம்.

பண்ணின் பெயரும் பண்ணும்

இசை இழப்புக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பரிபாடல் இசைப்பாட்டு நூல். இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் பெரும்பாலானவற்றின் அடியில் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பெற்றுள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்கள் அங்கே பேசப்படுகின்றன. இயற்றியவர்க்கு இணையாக இசை வகுத்தவரையும் பெயர் சுட்டிப் போற்றிய அந்தப் பண்பாடு வியக்கத்தக்கது. ஆயினும், அவர் வகுத்த இசை எங்கே? பண்ணின் பெயர் நிற்கிறது; மெட்டு நம்மிடம் இல்லை.

கடந்த நூற்றாண்டில் அச்சேறிய நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஏற்றப்பாட்டு, தாலாட்டு, அம்பாப் பாட்டு என்று தலைப்புகள் உள்ளன, அடிகள் உள்ளன, அருஞ்சொற்பொருளும் உள்ளது. அப்பாட்டை ஒருமுறையும் கேட்டிராதவர் அந்த ஏட்டைப் பார்த்துப் பாட முடியுமா என்றால், முடியாது.

நம் கரையில் இப்பணி காலத்தோடு போட்டியிடும் பணியாகவும் இருக்கிறது. தொழிற்பாட்டு தொழிலோடு வாழ்வது. கட்டுமரம் போய் ஃபைபர் படகும் இயந்திரமும் வந்தபோதே பாட்டின் தேவை குறைந்தது. அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுக விரிவும் கழிமுகத்தைச் சுருக்கின. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோது, படகும் வலையும் கறுத்துத் தொழிலே நின்று போனதை நீங்கள் அறிவீர்கள். அம்பாவை முழுமையாகப் பாட வல்லவர்கள் இன்று இவ்வவையின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த வரிசை நீளமானதன்று.

வடசென்னையும் சுரக்குறிப்பும்

பாட்டை எழுத்தில் பிடிக்கும் முயற்சி நம் பகுதிக்குப் புதியதன்று. நமக்கு மிக அண்மையில் உள்ள மணலியில்தான், வேங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட தீட்சிதர், அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று அவை வழங்குகின்றன. 'நோட்டு' என்ற ஆங்கிலச் சொல் அப்பெயருள்ளே அமர்ந்திருப்பது நோக்கத்தக்கது.

திருவொற்றியூரை எடுத்துக்கொண்டால், தியாகராசரின் மாணாக்கர் வீணை குப்பையர் அங்கே வாழ்ந்தார். அவர்தம் மைந்தர் திருவொற்றியூர்த் தியாகையர் (1845–1917) தந்தையாரின் உருப்படிகளையும் தம் உருப்படிகளையும் சுரக்குறிப்போடு அச்சிட்டார். வாய்மொழியாக வந்ததை அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

சென்னையில் வாழ்ந்த ஏ.எம். சின்னசாமி முதலியார் வேறொரு வழியைத் தேர்ந்தார். 1893ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் நம் கீர்த்தனைகளை மேலைநாட்டு ஐந்துகோட்டு முறையில், அதாவது பேண்டுக் கலைஞர்கள் ஸ்டாஃப் நொட்டேஷன் என்று சொல்லும் முறையில் எழுதினார். நம் இசையை உலகம் படிக்கவேண்டும் என்பது அவர் வேட்கை. அதே பெரியவர்தாம் சுப்பராம தீட்சிதரையும் எழுதத் தூண்டினார். அதன் பயனாக 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளிவந்தது. இந்நூல் சுர எழுத்துகளையே கொண்டு, ஒவ்வொரு சுரமும் எவ்வாறு அசையவேண்டும் என்பதைக் காட்டத் தனித்தனிக் கமகக் குறிகளைப் படைத்தது. பின்னர் 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டு, பழந்தமிழ் இசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்தார்.

முதலியாரின் ஐந்துகோடு ஒரே பார்வையில் மேடுபள்ளத்தைக் காட்டும். எந்த நாட்டுக் கலைஞரும் படிக்கலாம். ஆனால் சுரங்களுக்கு இடையே நிகழும் வழுக்கலும் அசைவும் அதில் அடங்குவதில்லை. தீட்சிதரின் குறியீடு அசைவைக் காட்டும். ஆனால் அந்த மரபில் பயின்றவர்க்கே அது பேசும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இவ்விரு பெரியோர் எதிர்கொண்ட தேர்வே இன்று நம் கணினித் திரையில் வந்து நிற்கிறது.

புதிய பக்கம் கேட்கும் கேள்விகள்

நம் குழு முதலில் பயன்படுத்தியது மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள். விலையில்லாதது, மூலநிரல் திறந்தது. அதில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தால் அது சில கேள்விகளைக் கேட்கும். என்ன கருவி? என்ன சுருதிக்குறி? என்ன தாளம்? நிமிடத்திற்கு எத்தனை அடி? நாம் விடை கூறாவிட்டால் அதுவே முடிவு செய்துகொள்ளும்: சி மேஜர், நான்கின் கீழ் நான்கு, 32 கட்டங்கள், பாடிக்காட்டும்போது நிமிடத்திற்கு 120 அடி. திரைப்பாட்டுக்கோ துதிப்பாட்டுக்கோ இது பெரும்பாலும் பொருந்திவிடும். அம்பாவுக்குப் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் இக்குப்பத்துப் பெரியவர் ஒருவர். ஒலிப்பதிவுக்காக நாற்காலியில் அமரவைத்துப் பாடச் சொன்னோம். இரண்டு அடி பாடி நிறுத்திவிட்டார். "கவுறு கைல இல்லாம பாட்டு எப்டி டீச்சர் வரும்?" என்றார். பிறகு இளைஞர்கள் ஒரு கயிற்றைக் கம்பத்தில் கட்டி எதிர்ப்பக்கம் நின்று இழுத்தார்கள். பெரியவரும் கயிற்றைப் பற்றினார், பாட்டு வந்தது. ஒரே பாட்டை மூன்று முறை பதிவு செய்தோம். மூன்றும் மூன்று வேகம். முன்னிழுப்பவர் சொல்லும் அடி சீராக ஓடுகிறது. பின்னவர் வாங்கிப் பாடும் இடத்தில் கயிறு எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு 'ஏலேலோ' நீள்கிறது. அந்நீட்சியை அளப்பது தாளக்கருவி அன்று, வலையின் கனம்.

இத்தகைய பாட்டை நான்கு நான்கு அடியாக வெட்டிக் கட்டத்துள் அடைத்தால், எழுதுவது எளிது, படிப்பதும் எளிது, ஆனால் அது வேறு பாட்டு. நாங்கள் கண்ட வழி இது: ஒரு கட்டம் என்பதைத் தாளத்தின் அலகாகக் கொள்ளாமல் ஓர் இழுப்பின் அலகாகக் கொண்டோம். ஒவ்வொரு கட்டத்தின் நீளத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் மியூஸ்ஸ்கோர் இடங்கொடுக்கிறது; தாளக்குறியை மறைக்கவும் இடமுண்டு. நீட்சி வரும் இடத்தில் நிறுத்தக்குறி இட்டு, 'கனத்திற்கேற்ப' என்று தமிழில் எழுதினோம். லில்லிபாண்ட் என்னும் மற்றொரு விலையில்லா நிரலில், கட்டக்கோடு விழுவதையே நிறுத்திவைக்கும் கட்டளை உள்ளது. விலைக்குக் கிடைக்கும் டோரிக்கோவில் தாளமே குறிக்காமல் எழுதத் தொடங்கலாம். கருவி தானாகக் கொடுக்கும் விடையை ஏற்றுக்கொள்ளாமல், அதன் கேள்வி நம் பாட்டுக்குப் பொருந்துமா என்று முதலில் ஆராய்வது இன்றியமையாதது.

மேல்நிலைப் புள்ளியும் மெய்ப்புள்ளியும்

தமிழ் எழுத்திலேயே சுரக்குறிப்பு எழுதுவோம் என்று வட்டத்தில் ஒரு சாரார் விரும்பினர். ச, ரி, க, ம, ப, த, நி என்று எழுதினால் ஐந்துகோடு அறியாத கவிஞர்களும் படிக்கலாம் அல்லவா? விருப்பம் நியாயமானதே. ஆனால் அங்கே ஓர் எழுத்துச் சிக்கல் எழுகிறது.

மேல்நிலைச் சுரத்துக்குத் தலையில் புள்ளி இடுவதும், கீழ்நிலைச் சுரத்துக்கு அடியில் புள்ளி இடுவதும் சுரக்குறிப்பு வழக்கம். மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி இடுவது தமிழ் எழுத்திலக்கணம். மேல்நிலைச் சட்சமும் சகர மெய்யும் ஒரே வடிவம் பெறுகின்றன. க, ம, ப, த ஆகியவற்றுக்கும் இதே நிலை; ரி, நி இரண்டுமே தப்புகின்றன. தெலுங்கு எழுத்தில் இக்குழப்பம் இல்லை. ஒருங்குறியில் மெய்ப்புள்ளிக்கும் மேற்புள்ளிக்கும் வெவ்வேறு எண்கள் உண்டு. கணினிக்கு அவை வேறு, கண்ணுக்கு ஒன்றே. 'ம்' என்று பார்த்ததும் பாடுபவர் வாயை மூடுவாரா, மேலே ஏறுவாரா?

புள்ளியின் பொருளை விளக்காமல் விடுவதன் விளைவைக் குடுமியான்மலையில் காணலாம். அங்குள்ள 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டில் பல்லவ கிரந்த எழுத்தில் சுரங்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சில சுரங்களின் தலையில் புள்ளிகளும் உள்ளன. அவை எதைச் சுட்டுகின்றன என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கல்லில் வெட்டியும் பொருள் நிற்கவில்லை. விளக்கம் உடன் வெட்டப்படவில்லை என்பதே காரணம்.

ஆகவே நம் நூலில் மேல்நிலைப் புள்ளியை எழுத்தின் தலையில் ஒட்டாமல், எழுத்துக்கு மேலே தனி வரியில் சிறு வட்டமாக இடலாம் என்பது என் பரிந்துரை. லில்லிபாண்டில் செய்வதுபோல் எழுத்தின் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி இட்டு மேல்நிலையைக் காட்டலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார், நல்ல யோசனையே. ஆனால் அந்நிரல் கீழ்நிலைக்குக் காற்புள்ளியைப் பயன்படுத்துகிறது. நம் சுரக்குறிப்பில் காற்புள்ளி என்றால் ஓர் அட்சரம் நீள்வது என்று பொருள். ஒரு குறி இரண்டு பொருள் தருவதை நூலில் எங்கும் அனுமதிக்கக்கூடாது. எந்த முறையை மேற்கொண்டாலும் முதற்பக்கத்தில் குறிவிளக்கம் இடம்பெற வேண்டும்.

அசையும் சுரமும்

கவிஞர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய பகுதி இது. மென்பொருளில் ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் பாட்டின் ஒரு துண்டைத் தட்டச்சு செய்கிறோம். சிறுகோடு இட்டால் சொல் அடுத்த சுரத்துக்குத் தொடர்கிறது என்று பொருள். அடிக்கோடு இட்டால் அதே ஒலி பல சுரங்களுக்கு நீள்கிறது என்று பொருள். இவ்வளவில் எளிது. ஆனால் சொல்லை எங்கே துண்டாக்குவது?

யாப்புக் கற்றவர்கள் அசையாகப் பிரிக்க முற்படுவார்கள். 'கடலம்மா' என்ற சொல்லைக் கட/லம்/மா என்று பிரித்து, நிரை நேர் நேர், புளிமாங்காய் என்போம். செய்யுளுக்கு இது சரி. பாடும்போதோ 'க' ஒரு சுரத்திலும் 'ட' மற்றொரு சுரத்திலும் நிற்கக்கூடும். அப்போது நிரையசையை உடைத்தே எழுதவேண்டும். அதனால் வாய்ப்பாடு தவறிவிட்டதாகக் கவிஞர் வருந்த வேண்டியதில்லை. யாப்பு சொல்லின் அளவு. சுரத்துண்டு குரலின் அளவு.

இதனினும் நுட்பமானது மெய்யின் நீட்சி. மேலைநாட்டுப் பாடல்மரபில் உயிரொலியை நீட்டி, இறுதி மெய்யை முடிவில் ஒலிப்பதே பெருவழக்கு. மென்பொருளும் அதனையே எதிர்பார்க்கிறது. நம் பெரியவர்கள் 'லம்' என்பதில் 'ம்' மீது நின்று, அந்த மூக்கொலியிலேயே இரண்டு சுரம் நகர்கிறார்கள். இது குறை அன்று, தமிழிசையின் இயல்பு. உயிர் தன் மாத்திரையைக் கடந்து ஒலிப்பதும் ஒற்று இசையில் நீள்வதும் இசைநூலார்க்கு உரிய செய்தி என்று தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியிலேயே சுட்டிச் சென்றார். அவர் ஒதுக்கிவைத்த இடத்தில்தான் நம் பணி தொடங்குகிறது. இத்தகைய இடங்களில் 'ல', 'ம்' என்று பிரித்து, 'ம்' என்பதைத் தனித்துண்டாக அடுத்த சுரத்தின் கீழ் இட்டோம். மென்பொருள் மறுக்கவில்லை, பாடும் பிள்ளைகளும் உடனே புரிந்துகொண்டார்கள்.

எந்த மென்பொருளை ஏற்பதற்கு முன்பும் ஒரு சிறு தேர்வு வையுங்கள். கொ, நௌ, ஸ்ரீ, ணை ஆகிய எழுத்துகளைப் பாட்டு வரியில் தட்டிப் பாருங்கள். திரையிலும், அச்சிலும், பி.டி.எஃப். கோப்பிலும் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றில் பிறழ்ந்தாலும் அது தமிழ்ப் பாட்டுக்கு ஆகாது.

இசைக்குழுவுக்கு எழுதுதல்

இதுவரை குறைகளையே அடுக்கினேன். இம்மென்பொருள்கள் நமக்குச் செய்யும் பேருதவியையும் கூறுவதே முறை. ஒரு குரல் பாட்டைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும்போது அவ்வுதவி விளங்கும்.

நம் பகுதிப் பேண்டுக் குழுக்களில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் உண்டு. அவை பெரும்பாலும் பி-ஃபிளாட் வகை. பாடகரின் 'சி' ஒலிக்கவேண்டுமானால் அக்கலைஞரின் தாளில் 'டி' எழுதியிருக்கவேண்டும். கையால் எழுதினால் ஒவ்வொரு தாளையும் ஒரு முழுச்சுரம் ஏற்றிப் படியெடுக்க வேண்டும். ஓரிடத்தில் கைதவறினால் ஒத்திகை முழுதும் வீண். மென்பொருள் இதனைத் தானே செய்துவிடுகிறது. முழுச்சுவடியை ஒருமுறை எழுதினால் ஒவ்வொரு கருவிக்கும் தனிப்படி பிரித்துத் தருகிறது. பாடுபவரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்ற நேர்ந்தால் அனைத்துப் படிகளும் ஒருசேர மாறுகின்றன. இராயபுரத்துத் தேவாலயப் பாடகர் குழுவில் பயின்ற பிள்ளைகள் நம்மோடு இருக்கிறார்கள். ஐந்துகோடு படிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களும் பேண்டுக் கலைஞர்களும் ஒரே தாளைப் பார்த்து வாசிக்க முடிவது பெரும்பேறு.

ஆயினும் இசையமைப்பு மென்பொருளில் பிறப்பதில்லை. இளையராஜா அவர்கள் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்று, ஐந்துகோட்டுக் குறிப்பைத் தம் கையாலேயே எழுதிப் பழகியவர். 2005இல் வெளிவந்த திருவாசகப் பல்லியத்திலும், 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய சிம்பொனியிலும் நாம் காண்பது காதில் முழுமையாகக் கேட்டதை எழுத்தில் இறக்கும் ஆற்றலையே. கணினி எழுத்தரின் வேலையை எளிதாக்கும். கேட்கும் வேலை நம்முடையது.

கணினி பாடிக்காட்டும் பாட்டு

மென்பொருளின் கவர்ச்சியான பகுதியே அதன் இடர்மிக்க பகுதியும் ஆகும். எழுதியதை அது உடனே வாசித்துக் காட்டுகிறது. பிழை திருத்த இது உதவும். ஆனால் அது வாசிப்பது, ஒரு தானத்தை 12 சமபங்காக்கிய அளவில், அசைவில்லாத சுரங்களை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அக்கருவியின் நிலைத்த சுரங்கள் நம் இசையின் அசைவுக்கு இடந்தராமையே. அத்தடை 1971 வரை நீடித்தது. அன்று விவாதம் ஒரு பெட்டியைப் பற்றியது. இன்று அந்தப் பெட்டி ஒவ்வொரு கணினிக்குள்ளும் இருக்கிறது.

அரைச்சுரத்தை 100 நுண்பங்காகப் பிரித்து, ஒரு சுரத்தைச் சற்றே ஏற்றவும் இறக்கவும் மென்பொருள் இடந்தருகிறது. அதனால் சுரத்தின் நிலையைத் திருத்தலாம். கமகமோ நிலை அன்று, இயக்கம். கருநாடக இசைக்கெனவே உருவான காயக போன்ற நிரல்கள், தட்டச்சு செய்த சுரங்களைக் கமகத்தோடு ஒலிக்க முயல்கின்றன. பயில்வோர்க்கு அவை துணையாகும். ஆனால் கடற்கரைக் குரலின் கரகரப்பும் இழுப்பின் மூச்சும் அவற்றுக்கு அப்பாற்பட்டவை.

இதனால் விளையும் தீங்கை நம் ஒத்திகையிலேயே கண்டோம். கணினி வாசித்த மெட்டை நன்கு மனப்பாடம் செய்திருந்த சிறுமி ஒருத்தி, பாட்டைத் தந்த பெரியவரையே பார்த்து, "தாத்தா, நீங்க தப்பா பாடுறீங்க. கம்ப்யூட்டர்ல இப்படி இல்ல" என்றாள். அவர் சிரித்தார். பின்னர் இரண்டு நாள் அவர் ஒத்திகைக்கு வரவில்லை. சிறுமியின் மீது குற்றமில்லை. அவள் காதுக்கு முதலில் கிடைத்தது எதுவோ அதுவே அவளுக்கு மூலம். மூலத்தையும் படியையும் இடம்மாற்றி வைக்கும் இந்த ஆற்றலே கணினியிடம் நாம் அஞ்சத்தக்கது. அதன்பின் ஒத்திகையில் ஒரு விதி வகுத்தோம்: பிள்ளைகள் முதலில் பெரியவர் குரலைக் கேட்பார்கள், பாட வந்தபின்தான் தாள் கையில் தரப்படும், கணினியின் வாசிப்பு பிழை பார்ப்பவர்க்கு மட்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தைப் பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017 சனவரியில் வெளிவந்தது. கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா இராகமாலிகையாகப் பாடினார். அது பரவியது தாளில் அன்று, ஒலி-ஒளிப் பதிவாக. சென்னைத் தமிழின் ஒலிப்பும் இராகத்தின் அசைவும் பதிவில் ஒருசேர நின்றன. பதிவும் ஒருவகைக் குறிப்பே என்பதை நம் நூற்குழு மறத்தலாகாது.

கோப்பின் ஆயுள்

ஓலையைச் செல்லரித்தது என்று வருந்திய மரபில் வந்தவர்கள் நாம். கணினிக் கோப்புக்குச் செல் இல்லை என்று எண்ணலாகாது. 1988 முதல் உலகெங்கும் இசையமைப்பாளர்கள் பயன்படுத்திய ஃபினாலே என்னும் மென்பொருளின் வளர்ச்சிப் பணி நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டு 26ஆம் நாள் அதன் நிறுவனம் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த வடிவில் சேமித்தவர்கள் தம் சுவடிகளை வேறு வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தமிழாசிரியர்களுக்கு இவ்வனுபவம் புதிதன்று. என் முனைவர் பட்ட ஆய்வேடு தட்டச்சான எழுத்துரு, ஒருங்குறி பரவியபின் வழக்கொழிந்தது. இன்று அக்கோப்பைத் திறந்தால் தமிழெழுத்துக்குப் பதில் பொருளற்ற குறிகளே தெரிகின்றன. நூலகத்தில் உள்ள கட்டடம் செய்த படியே என் ஆய்வைக் காக்கிறது.

ஆதலின் ஒவ்வொரு பாட்டையும் நான்கு வடிவில் சேமிக்குமாறு வேண்டுகிறேன். முதலாவது, மென்பொருளின் சொந்தக் கோப்பு. இரண்டாவது, மியூசிக் எக்ஸ்.எம்.எல். என்னும் பொதுவடிவம்; 2004இல் முதற்பதிப்புப் பெற்ற இவ்வடிவத்தை ஏறத்தாழ எல்லா இசைக்குறிப்பு நிரல்களும் படிக்கின்றன. மூன்றாவது, பெரியவர் பாடிய ஒலிப்பதிவு. நான்காவது, தாளில் அச்சிட்ட படி.

எதைத் தேர்வது?

நீங்கள் கேட்ட வினாவுக்கு நேர்விடை கூறுகிறேன். இசைக்குழுவுக்குத் தனிப்படிகள் எடுக்க நமக்கு மியூஸ்ஸ்கோரே போதுமானது. விலையில்லை, ஒரு கணினியில் கற்றதை ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கணினியிலும் செய்யலாம். அதே பெயருள்ள இணையத்தளம் பிறர் எழுதிய சுவடிகளை இறக்கச் சந்தா கேட்கும். நிரல் வேறு, அத்தளம் வேறு. நூலுக்குரிய பக்கங்களை அழகுற அமைக்க, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பொறுமையுள்ள இளைஞர் கிடைத்தால் லில்லிபாண்டைப் பயன்படுத்தலாம். சிபேலியஸ், டோரிக்கோ ஆகியவை ஆற்றல் மிக்கவை. ஒலிப்பதிவுக்கூடங்களோடு தொழில்முறையில் இணைந்து பணியாற்றுவோர்க்கு அவை தகும். நம் வட்டத்தின் நிதியை அவற்றில் இடுவதைவிட, ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்குவது சிறந்தது என்பது என் துணிபு.

தமிழ்ச் சுர எழுத்தா, ஐந்துகோடா என்ற விவாதத்துக்கு, இரண்டும் வேண்டும் என்பதே என் விடை. நூலில் தமிழ்ச் சுரக்குறிப்பு, மேடைக்கு ஐந்துகோடு. முதலியாரும் தீட்சிதரும் ஒருவர்க்கொருவர் பகையாகவில்லை. முதலியார் தீட்சிதரை எழுதவைத்தார்.

நிறைவுரை

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் நூலில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் பரிபாடலின் வழக்கத்தைப் பின்பற்றுவோம். பாடியவர் பெயரை, அவர் இசைவு பெற்று, முதலில் இடுவோம். குறிப்பெடுத்தவர் பெயரை அடுத்து இடுவோம். எந்தத் தொழிலின் எந்த வேளையில் பாடப்பெற்றது என்று எழுதுவோம். அதன்கீழே, பரிபாடலில் இல்லாத ஒரு வரியையும் சேர்ப்போம்: 'எழுதாமல் விட்டவை'. "இழுப்பின் கனத்துக்கேற்ப நீளும் இடங்கள் தோராயமாகவே குறிக்கப்பட்டன", "மூன்றாம் அடியின் குழைவு குறியில் அடங்கவில்லை, ஒலிப்பதிவைக் கேட்க" என்பனபோல அவ்வரி அமையட்டும்.

நூறாண்டுக்குப் பின் இந்நூலை எடுப்பவர், எழுதியிருப்பதே முழுப்பாட்டு என்று மயங்காதிருக்க அந்த ஒரு வரி உதவும். குடுமியான்மலைப் புள்ளியைப் போல அவரைத் திகைக்க வைக்காது. மென்பொருள் அந்த வரியைக் கேட்காது. எந்தப் பதிப்பும் அதற்கொரு கட்டம் ஒதுக்கவில்லை. அதனை நாமே எழுதவேண்டும். கேட்டவர்கள் நாம், எது தாளில் வரவில்லை என்பதை அறிந்தவர்களும் நாமே.

வருகிற ஞாயிறு காலை இன்னும் நான்கு பாட்டுகள் பதிவு செய்யப்பெற உள்ளன. கவிஞர்கள் தம் குறிப்பேட்டோடு வருக. கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டும்.